விடுதி எடுக்கும் பங்கு: போக்கர் ஆட்டத்தின் லாபக் கணக்கும் பினாங்கின் சூதாட்ட வரலாறும்

1. கேள்வியும் எல்லையும்

போக்கர் சீட்டாட்டம் குறித்த பொது விவாதம் பெரும்பாலும் ஒரே புள்ளியில் நின்றுவிடுகிறது: அது திறமையின் ஆட்டமா, அதிர்ஷ்டத்தின் ஆட்டமா? தமிழ்நாட்டின் இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தை எதிர்த்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களே என்று கூறியது. அதற்கு முன்னும் பின்னும் பல நாடுகளின் நீதிமன்றங்கள் இதே வினாவை எடுத்து, ஒன்றுக்கொன்று முரணான விடைகளைத் தந்திருக்கின்றன. ஆனால் மேசையில் அமர்ந்தவர் எழுந்து போகும்போது அவர் கையில் பணம் கூடியிருக்குமா, குறைந்திருக்குமா என்பது இந்த விடையை மட்டும் சார்ந்ததன்று. ஆட்டத்தை நடத்தும் விடுதி ஒவ்வொரு சுற்றிலிருந்தும் எடுத்துக்கொள்ளும் கட்டணம், திறமையின் பலன் யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதைப் பல வேளைகளில் திறமைக்கு முன்பே தீர்மானித்துவிடுகிறது என்பதே இக்கட்டுரை ஆராயும் கருத்து.

இந்த ஆய்வுக்குப் பினாங்கைக் களமாகக் கொள்வது முதல் பார்வையில் பொருத்தமற்றதாகத் தோன்றலாம். ஜோர்ஜ்டவுனில் உரிமம் பெற்ற போக்கர் மேசை ஏதும் இல்லை. சட்டபூர்வமான சூதாட்ட விடுதி மலேசியாவில் பகாங் மாநில எல்லையிலுள்ள கெந்திங் மலையில் மட்டுமே இயங்குகிறது, அங்கும் முஸ்லிம்களுக்கு அனுமதியில்லை. இருந்தும், விடுதியின் பங்கு எந்தெந்த வடிவங்களை எடுக்கக்கூடும் என்பதற்குப் பினாங்கைப் போல் தொடர்ச்சியான சான்று தரும் ஊர் இந்த வட்டாரத்தில் அரிது. காலனியத் தொடக்கத்தின் சூதாட்டக் குத்தகை, நூற்றாண்டுக்கும் மேலாக ஓடிய குதிரைப் பந்தய மைதானம், இன்றும் தெருமுனைக் கடைகளில் விற்கும் நான்கு இலக்க நம்பர் என மூன்று வடிவங்களும் இத்தீவில் வாழ்ந்திருக்கின்றன. போக்கரின் கட்டணத்தை விளங்கிக்கொள்ள மூன்றும் உதவுகின்றன.

2. பழைய விகிதங்கள்

ஆட்டத்தை நடத்துபவர் வெற்றித் தொகையில் பங்கு எடுப்பது நவீன விடுதிகளின் கண்டுபிடிப்பன்று. சூதாட்டத்துக்கென ஓர் அதிகாரியை அமர்த்தும் அர்த்தசாஸ்திரம், வென்ற பணத்தில் 5 விழுக்காட்டை அவர் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விதிப்பதோடு நில்லாமல், காய்களுக்கான வாடகை, தண்ணீருக்கும் இடத்துக்குமான கட்டணம் ஆகியவற்றையும் தனியே குறிப்பிடுகிறது. இன்றைய போக்கர் அறைகளில் நடுத்தொகையிலிருந்து எடுக்கும் விகிதம் ஒருபுறமும், மணிக்கணக்கில் வாங்கும் இருக்கைக் கட்டணம் மறுபுறமும் நிற்பதைப் பார்க்கும்போது, இவ்விரு வகைகளும் அந்நூலிலேயே அருகருகே இருப்பது கவனத்துக்குரியது.

யாக்ஞவல்கிய ஸ்மிருதி இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஆட்டத் தொகை நூறோ அதற்கு மேலோ ஆகும்போது சபையை நடத்துபவர் நூற்றுக்கு ஐந்து எடுக்கலாம் என்றும், அதற்குக் குறைவான தொகையில் நூற்றுக்குப் பத்து எடுக்கலாம் என்றும் அது வகுக்கிறது. சிறு தொகைக்கு ஆடுபவரிடம் இரட்டிப்பு விகிதம் வாங்கும் இந்த ஏற்பாடு பின்னர் மேசைக் கணக்கில் மீண்டும் வரும். திருக்குறளின் 94ஆம் அதிகாரமாகிய ‘சூது’ வேறு நோக்கிலிருந்து எழுதப்பட்டது. சூதாடுபவனின் செல்வமும் பண்பும் சீரழிவதையே அது பேசுகிறது. ஆடுமிடத்தைச் சுட்டினாலும் அந்த இடத்தை நடத்துபவரின் வருவாயை அது கணக்கில் கொள்வதில்லை. அறநூலுக்கு அது தேவையும் இல்லை. ஆனால் சூதாட்டத்தை ஆடுபவரின் குணக்கேடாக மட்டுமே காணும் பழக்கம் தமிழ்ச் சூழலில் இன்றும் வலுவாக இருப்பதால், நடத்துபவரின் கணக்கு எழுத்தில் வருவதே குறைவு.

3. பினாங்கின் குத்தகை

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கும்பெனிக் குடியேற்றத்தைத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே, நிர்வாகச் செலவுக்கு வழிதேட அபின், சாராயம், சூதாட்டம் ஆகியவை குத்தகைக்கு விடப்பட்டன. குத்தகை என்பது இங்கு ஒரு குறிப்பிட்ட தொழிலை நடத்தும் தனியுரிமையை ஏலத்தில் விடுவதைக் குறிக்கும்: அதிகத் தொகை கேட்டவர் அரசுக்கு நிலையான வாடகை கட்ட ஒப்புக்கொள்வார், மக்களிடமிருந்து எவ்வளவு எடுக்கிறார் என்பது அவர் பாடு. தீவின் சூதாட்டக் குத்தகை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைவிடப்பட்டது. சிங்கப்பூரில் பிரிட்டிஷ் நிர்வாகி ஃபார்குவர் 1820இல் தொடங்கிய குத்தகையை 1823இல் ராஃபிள்ஸ் தடைசெய்தார். அடுத்து வந்த நிர்வாகி கிராஃபர்ட் அதை மீண்டும் கொண்டுவந்தார். 1829இல் அது ஒழிந்தது. கூட்டு மலாய் மாநிலங்களிலோ, ஈய வயல்களின் தொழிலாளர் கூலியை நம்பிய சூதாட்டக் குத்தகை 1912 வரை நீடித்தது.

வரலாற்று ஆய்வுகள் இதைப் பெரும்பாலும் அரசு வருவாய்க்கும் ஒழுக்கத்துக்கும் இடையிலான இழுபறியாகவே விவரிக்கின்றன. அந்த விளக்கம் சரியே என்றாலும் முழுமையானதன்று. குத்தகைதாரர் கட்ட வேண்டிய வாடகை நிலையானது; அவருக்குக் கிடைப்பதோ ஆட்டத்தின் அளவைப் பொறுத்தது. எனவே மேசைகளைப் பெருக்குவதும் ஆட்டத்தை விரைவுபடுத்துவதும் அவருக்கு லாபம். ஆடுபவர் எவ்வளவு காலம் பணத்தோடு நீடிக்கிறார் என்பது அடுத்த ஏலம் வரைதான் அவருடைய கவலை. நீண்ட காலம் நிலைக்க வேண்டிய இன்றைய விடுதிக்கும் குறுகிய கால உரிமம் பெற்ற குத்தகைதாரருக்கும் இடையிலான வேறுபாடு இதுவே. கட்டணத்தின் அளவைப் போலவே, அதை எடுப்பவர் எவ்வளவு நாள் இருக்கப்போகிறார் என்பதும் ஆட்டக்காரரின் தலைவிதியைப் பாதிக்கிறது.

4. ரேக் செயல்படும் விதம்

போக்கரில் ஆட்டக்காரர்கள் விடுதியோடு மோதுவதில்லை, ஒருவரோடொருவர் மோதுகிறார்கள். சக்கரம் சுற்றும் ரூலெட்டில் ஒரு பூச்சியம் கொண்ட மேசை, பந்தயத்தில் 37இல் ஒரு பங்கை, அதாவது ஏறத்தாழ 2.7 விழுக்காட்டை, விதியின் அமைப்பிலேயே தனக்கு ஒதுக்கிக்கொள்கிறது. போக்கரில் அப்படியொரு சாய்வு இல்லை. ஆகவே விடுதி தன் வருவாயை வெளிப்படையாக எடுத்தாக வேண்டும். ஒவ்வொரு கையிலும் (ஒரு முறை சீட்டைப் பகிர்ந்து முடிவு காணும் சுற்று) மேசை நடுவில் சேரும் நடுத்தொகையிலிருந்து ஒரு விகிதத்தை, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, சீட்டைப் பகிர்பவர் எடுத்துவைப்பார். இதற்கு ‘ரேக்’ என்று பெயர். பல அறைகளில், முதல் மூன்று பொதுச் சீட்டுகள் திறக்கப்படுமுன் கை முடிந்துவிட்டால் ரேக் எடுக்கப்படுவதில்லை. பெரிய பந்தய மேசைகளில் ரேக்குக்குப் பதிலாக அரை மணிக்கு ஒரு முறை ஒவ்வொருவரிடமும் இருக்கைக் கட்டணம் வாங்குவதுண்டு. போட்டிகளில் நுழைவுத் தொகையோடு தனிக் கட்டணம் சேரும்: 500 ரிங்கிட் பரிசுத் தொகைக்கும் 50 ரிங்கிட் நடத்துபவருக்கும் என்றால், கட்டிய 550இல் 9.1 விழுக்காடு ஆட்டம் தொடங்குமுன்பே போய்விடுகிறது. தோற்று மீண்டும் நுழைபவர் அதை மீண்டும் கட்டுகிறார். இவற்றோடு சிறப்புப் பரிசு நிதிக்கென்று ஒவ்வொரு கையிலும் பிடிக்கும் சிறுதொகையும் சீட்டைப் பகிர்பவருக்குக் கொடுக்கும் அன்பளிப்பும் உண்டு.

ரேக்கை வென்றவரே கொடுக்கிறார், தோற்றவருக்கு அதில் பங்கில்லை என்ற எண்ணம் ஆட்டக்காரர்களிடையே பரவலாக உள்ளது. நடுத்தொகையிலிருந்து எடுப்பதால் அப்படித் தோன்றுகிறது. ஆனால் எவரும் நாளை வெல்லலாம் என்ற எதிர்பார்ப்பில்தான் இன்று பணம் போடுகிறார். அந்த எதிர்பார்ப்பின் மதிப்பை ரேக் எல்லோருக்கும் குறைத்துவிடுகிறது. பொருளியலில் வரியைக் கட்டுபவர் வேறு, சுமப்பவர் வேறு என்று பிரித்துப் பார்ப்பது வழக்கம். அந்தப் பிரிவினை இங்கு அப்படியே பொருந்தும்.

விகித ரேக் முடிவுகளையும் மாற்றுகிறது. நடுவில் 100 ரிங்கிட் இருக்கும்போது எதிராளி 100 பந்தயம் வைக்கிறார் என்று கொள்வோம். ஈடுகட்ட விரும்புபவர் 100 போட்டு மொத்தம் 300க்குப் போட்டியிடுகிறார். கட்டணம் இல்லையென்றால் 33.3 விழுக்காடு வெற்றி வாய்ப்பு இருந்தால் போதும். அந்த 300இலிருந்து 15 போய்விடும் என்றால் தேவைப்படும் வாய்ப்பு 35.1 விழுக்காடாகிறது. இடையிலுள்ள கைகள் எல்லாம், ரேக் இல்லாத மேசையில் சரியான ஈடுகட்டல்களாகவும் ரேக் உள்ள மேசையில் சிறு சிறு இழப்புகளாகவும் மாறுகின்றன. இருக்கைக் கட்டணம் இந்த விளைவை ஏற்படுத்துவதில்லை. அமர்ந்தவுடன் அது செலவாகிவிட்டது, எந்தக் கையை ஆடினாலும் மாறாது. மாறாக, குறைவான கைகளில் மட்டும் நுழையும் பொறுமைசாலிக்கு விகித ரேக் மலிவு, இருக்கைக் கட்டணம் விலை அதிகம். நேர்மையான கட்டண முறை எது என்ற வாதத்துக்கு இதனால் ஒரே விடை இல்லை. யார் கேட்கிறார் என்பதைப் பொறுத்தே விடை அமைகிறது.

5. ஒரு மேசையின் கணக்கு

இனி ஒரு மாதிரி மேசையை எடுத்துக்கொள்ளலாம். எண்கள் விளக்கத்துக்காகக் கொண்டவை. ஆனால் நேரடி மேசைகளின் இயல்புக்கு வெளியே போகாதவை. ஒன்பது பேர் ஆளுக்கு 500 ரிங்கிட்டுடன் அமர்கிறார்கள். கட்டாயப் பந்தயங்கள் 2 ரிங்கிட், 5 ரிங்கிட். மனிதர் சீட்டைக் கலைத்துப் பகிரும் மேசையில் மணிக்கு 28 கைகள் நடப்பது வழக்கமான வேகம். பொதுச் சீட்டு திறக்காமல் முடியும் கைகளையும் சேர்த்து, சராசரியாக ஒரு கைக்கு 8 ரிங்கிட் எடுக்கப்படுகிறது என்று கொண்டால், மணிக்கு 224 ரிங்கிட் மேசையை விட்டு வெளியேறுகிறது. ஆளுக்குப் பங்கிட்டால் ஏறத்தாழ 25 ரிங்கிட், அதாவது ஐந்து பெரிய கட்டாயப் பந்தயங்கள். இந்த ஒன்பது பேரும் சம திறமையுள்ளவர்களாக இருந்து, புதுப் பணம் எதுவும் உள்ளே வராதிருந்தால், 20 மணி நேரத்தில் 4,480 ரிங்கிட் போயிருக்கும். அவர்கள் கொண்டுவந்ததோ 4,500.

திறமை வேறுபட்டால் என்ன ஆகும் என்பதே முக்கியம். கட்டணம் இல்லாதபோது ஒன்பது பேரின் மணிநேரப் பலன்கள் முறையே +60, +40, +20, +10, 0, −10, −20, −40, −60 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், கூட்டினால் பூச்சியம்; நால்வர் லாபத்தில் இருக்கிறார்கள். கட்டணத்தைச் சமமாகப் பங்கிட்டுக் கழித்தால் அது +35, +15, −5, −15, −25 என்று இறங்கத் தொடங்குகிறது. லாபத்தில் எஞ்சுபவர் இருவர் மட்டுமே. ஒரு கைக்கான சராசரி ரேக் 16 ஆனால், ஆளுக்கு மணிக்கு 50 போக, முதலாமவர் ஒருவரே 10 ரிங்கிட் லாபத்தோடு நிற்பார். விகித ரேக்கில் சுமை சமமாக விழாது, அதிகக் கைகளில் நுழைபவர்மேல் கூடுதலாக விழும் என்பது உண்மையே. அந்தத் திருத்தம் எண்களைச் சற்று மாற்றுமே தவிர, படத்தை மாற்றாது.

இப்படத்தில் கவனிக்க வேண்டியவர்கள் மூன்றாமவரும் நான்காமவரும். அவர்கள் மேசையிலுள்ள பெரும்பான்மையினரைவிட நன்றாக ஆடுகிறார்கள். எதிராளிகளிடமிருந்து பணத்தை வெல்கிறார்கள். ஆனால் வென்றதை விடுதியிடம் கொடுத்துவிட்டு அதற்கு மேலும் இழக்கிறார்கள். திறமை ஆட்டம் என்ற தீர்ப்பு இவர்கள் விஷயத்தில் முற்றிலும் உண்மை. அதனால் இவர்களுக்கு ஒரு காசு பயனும் இல்லை. சட்ட விவாதங்களில் இந்த நடுப்பகுதி மறைந்துவிடுவது தற்செயலன்று. வாதிடுவோர் ஒரு கோடியில் தொழில்முறை வெற்றியாளரையும் மறு கோடியில் குடும்பத்தைத் தொலைத்தவரையும் நிறுத்துகிறார்கள். வழக்குக்கு இருவரும் வசதியானவர்கள்.

முதலிருவரின் லாபமும் நிலையானதன்று. மணிக்கு 60 இழந்தவர் இப்போது 85 இழக்கிறார். அவருடைய 500 ரிங்கிட் எட்டு மணிக்கு மேல் தாங்கியிருக்க வேண்டியது, ஆறு மணிக்கும் குறைவாகவே தாங்குகிறது. திறமைசாலியின் வருவாய்க்கு ஊற்று இந்த ஆட்டக்காரர்தான். அவர் விரைவில் எழுந்து போனாலோ, திரும்பி வராமல் இருந்தாலோ, மிஞ்சுவது ஒருவரையொருவர் எளிதில் வெல்ல முடியாத எட்டுப் பேரும் அவர்களிடமிருந்து ஒரே சீராக எடுத்துக்கொண்டிருக்கும் விடுதியும்.

6. சிறு மேசையின் சுமை

உச்சவரம்பு வைப்பது ஆட்டக்காரருக்குச் சலுகை என்றே விளம்பரப்படுத்தப்படுகிறது. 10 விழுக்காடு, உச்சம் 15 ரிங்கிட் என்ற விதியில் 60 ரிங்கிட் நடுத்தொகை 6 ரிங்கிட்டை இழக்கிறது. 150 ரிங்கிட் தொகை 15ஐ இழக்கிறது. இரண்டிலும் விகிதம் முழுப் பத்து. 600 ரிங்கிட் தொகையில் அது 2.5 விழுக்காடாகவும் 1,500இல் 1 விழுக்காடாகவும் சுருங்குகிறது. பெரும்பாலான நடுத்தொகைகள் உச்சவரம்பைத் தொடாத சிறு பந்தய மேசையே முழு விகிதத்தையும் கொடுக்கிறது. யாக்ஞவல்கியரின் ஐந்துக்கும் பத்துக்குமான படிநிலை இங்கு வேறு உடையில் திரும்பி வந்திருக்கிறது.

விடுதியின் தரப்பில் இதற்கு ஒரு நியாயம் உண்டு. சீட்டைப் பகிர்பவரின் சம்பளம், மேற்பார்வை, இடம், கண்காணிப்புக் கருவிகள் ஆகியவற்றின் செலவு பந்தயத்தின் அளவோடு கூடுவதில்லை. மலேசியாவில் 2019ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டம் சூதாட்ட விடுதிகளின் மொத்த வசூல் மீதான வரியை 35 விழுக்காடு வரை உயர்த்தியது. அந்த விகிதம் மேலே கண்ட மேசைக்குப் பொருந்துமானால் மணிக்கு 224 ரிங்கிட்டில் ஏறத்தாழ 78 அரசுக்குப் போகும். எஞ்சும் 146இல் ஊழியர் செலவைக் கழித்தால், அதே இடத்தில் பக்காராட் என்ற சீட்டாட்டத்தின் மேசை ஒன்றைப் போட்டு எடுக்கக்கூடிய வருவாய்க்கு முன் போக்கர் மேசை சோனியாகவே தெரியும். விடுதிகள் போக்கருக்கு இடம் ஒதுக்கத் தயங்குவதும், ஒதுக்கினால் கட்டணத்தைக் கூட்டுவதும் இதனால்தான். நியாயம் இருக்கிறது என்பதால் சுமை குறைந்துவிடாது.

7. திறமையை அறிய ஆகும் காலம்

திறமைக்கான புள்ளியியல் சான்று வலுவாகவே உள்ளது. ஸ்டீவன் லெவிட், தாமஸ் மைல்ஸ் ஆகியோர் 2010ஆம் ஆண்டின் உலகப் போக்கர் தொடரை ஆராய்ந்து, முன்னரே திறமைசாலிகளாக அறியப்பட்டோர் தங்கள் முதலீட்டின் மேல் 30 விழுக்காட்டுக்கு மேல் ஈட்டியதையும், மற்றவர்கள் சராசரியாக 15 விழுக்காட்டுக்கு மேல் இழந்ததையும் காட்டினர். ஆயினும் இத்தகைய ஆய்வுகள் விடையளிப்பது ஒரு குழு மற்றொன்றைவிடச் சிறந்ததா என்ற வினாவுக்கே. தனியொரு ஆட்டக்காரர், தன் மேசையில், தன் கட்டணத்துக்குப் பின் லாபத்தில் இருக்கிறாரா என்பது வேறு வினா. அதற்கு விடை காண ஆகும் காலத்தையும் கட்டணமே நீட்டுகிறது.

திட்ட விலக்கம் என்பது பலன்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு. நேரடி மேசையில் நூறு கைகளுக்கு அது 90 பெரிய கட்டாயப் பந்தயங்கள் என்று கொள்வது மிகையில்லை. மணிக்கு 28 கைகள் என்றால் ஏறத்தாழ 48. கட்டணம் போக மணிக்கு 5 கட்டாயப் பந்தயங்கள் ஈட்டும் நல்ல ஆட்டக்காரரின் சராசரி லாபம், அந்தச் சராசரியின் சிதறலைப்போல் இரு மடங்காகி ஓரளவு நம்பிக்கை தர, ஏறத்தாழ 360 மணி நேர ஆட்டம் வேண்டும். வாரம் பத்து மணி ஆடுபவருக்கு இது எட்டு மாதங்களுக்கு மேல். கட்டணம் கூடி அவருடைய லாபம் பாதியாகக் குறைந்தால், தேவைப்படும் நேரம் இரு மடங்காவதில்லை. நான்கு மடங்காகி 1,450 மணியை எட்டுகிறது. அதே வேகத்தில் அது மூன்று ஆண்டுக்குச் சற்றே குறைவு. அதற்குள் எதிராளிகள் மாறியிருப்பார்கள், கட்டணம் மாறியிருக்கும், ஏன், அந்த மேசையே இல்லாமல் போயிருக்கலாம்.

எனவே கட்டணம் இருவகையில் வேலை செய்கிறது: லாபத்தைக் குறைக்கிறது, லாபம் இருக்கிறதா இல்லையா என்பதை அறியும் வழியையும் அடைக்கிறது. இரண்டாவது விளைவு ஆய்வுகளில் குறைவாகவே பேசப்பட்டாலும் நடைமுறையில் கொடியது அதுவே. மூன்றாவது இடத்திலிருந்து மணிக்கு 5 ரிங்கிட் இழப்பவர், தற்செயலான ஏற்றங்களைத் தன் திறமையின் பலன் என்றும் இறக்கங்களைக் கெட்ட நேரம் என்றும் பல ஆண்டுகள் நம்பிக்கொண்டிருக்க முடியும். அவரை மறுக்கும் சான்று அவர் கணக்குப் புத்தகத்தில் அதுவரை சேர்ந்திருக்காது. கணக்குப் புத்தகம் வைத்திருப்பவர்களின் நிலை இது.

8. பத்து கந்தோங்கும் நான்கு இலக்கமும்

போக்கருக்கு அமைப்பில் மிக நெருங்கிய உறவு குதிரைப் பந்தயத்தின் டோட்டலைசேட்டர் முறை. 1864இல் தொடங்கிய பினாங்கு குதிரைப் பந்தய மன்றம், முதலில் மெக்காலிஸ்டர் சாலைப் பக்கத்திலும் பின்னர் பத்து கந்தோங்கிலும் பந்தயங்களை நடத்தி, 2025 மே மாத இறுதியில் கடைசிப் பந்தயத்தோடு தன் வரலாற்றை முடித்துக்கொண்டது. டோட்டலைசேட்டரில் பந்தயம் கட்டுபவர்கள் தங்களுக்குள்ளேயே மோதுகிறார்கள்: எல்லோர் பணமும் ஒரு தொகுப்பில் சேர, அதிலிருந்து வரியும் மன்றத்தின் பங்கும் கழிந்தபின், மீதி வென்ற சீட்டுகளுக்குப் பகிரப்படுகிறது. தொகுப்பில் 20 விழுக்காடு கழிக்கப்படுகிறது என்று விளக்கத்துக்காகக் கொண்டால், குதிரைகளை மற்றவர்களைவிட 10 விழுக்காடு நன்றாகக் கணிப்பவர்கூட நட்டத்தில்தான் இருப்பார். முதலுக்கு மோசம் வராதிருக்கவே கூட்டத்தைவிட 25 விழுக்காடு மேலாக இருக்க வேண்டும். டாக்டர் கே.ஆர். லட்சுமணன் வழக்கில் 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று தீர்ப்பளித்தது; கிண்டியில் அதை நம்பிப் பணம் கட்டியவர்களுக்கு இந்த 25 விழுக்காட்டுக் கணக்கை யாரும் சொல்லவில்லை.

அனுமதியற்ற தரகர்கள் கடனும் தள்ளுபடியும் தந்து மைதானத்தின் வாடிக்கையாளரை இழுத்ததையும் இந்த ஒளியில் காண வேண்டும். சட்டத்தின் பார்வையில் அது குற்றம். ஆட்டக்காரரின் பார்வையில் அது குறைந்த ரேக்.

நான்கு இலக்க நம்பர் குலுக்கலோ போக்கரின் அமைப்புக்கு நேர் எதிர்க் கோடி. ‘பெரிய’ பந்தயத்தில் 1 ரிங்கிட்டுக்கு முதல் பரிசு 2,500, இரண்டாவது 1,000, மூன்றாவது 500, சிறப்புப் பரிசுகள் பத்துக்குத் தலா 180, ஆறுதல் பரிசுகள் பத்துக்குத் தலா 60. பத்தாயிரம் எண்களிலும் ஒவ்வொரு ரிங்கிட் கட்டினால் திரும்பி வருவது 6,400. மூன்று பரிசுகள் மட்டுமுள்ள ‘சிறிய’ பந்தயத்தில் 3,500, 2,000, 1,000 சேர்ந்து 6,500. அதாவது வரியும் நிறுவனத்தின் பங்குமாக 35, 36 விழுக்காடு எடுக்கப்படுகிறது. எண்ணைக் கனவில் கண்டாலும் கோயிலில் கேட்டாலும், விபத்துக்குள்ளான வண்டியின் பலகையில் பார்த்தாலும் இந்த விகிதம் அசையாது. போக்கர் மேசையின் ரேக் இதனோடு ஒப்பிட மிகச் சிறியது என்ற வாதம் எழலாம். ஒரு முறை எடுக்கும் 36 விழுக்காட்டையும், மணிக்கு 28 முறை அதே பணத்திலிருந்து எடுக்கும் சில விழுக்காட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது பிழை. குலுக்கல் வாரத்தில் மூன்று நாள். மேசையில் பந்தய வில்லைகள் ஓய்வதில்லை.

9. சட்டம் எதைப் பார்க்கிறது

மலேசியாவின் 1953ஆம் ஆண்டுப் பொதுச் சூதாட்ட விடுதிகள் சட்டம், அதிர்ஷ்ட ஆட்டத்தோடு அதிர்ஷ்டமும் திறமையும் கலந்த ஆட்டத்தையும் சூதாட்டம் என்ற சொல்லுக்குள் கொண்டுவருகிறது. இந்திய நீதிமன்றங்களில் வெற்றி தேடித்தந்த வாதம் பினாங்கில் தொடக்கத்திலேயே அடைபட்டுவிடுகிறது. மேலும், பொதுமக்கள் வர இயலாத இடமானாலும் வழக்கமாகச் சூதாடுவதற்கென வைத்திருக்கும் இடம் என்றால் அதுவும் அச்சட்டத்தின் வரையறைக்குள் வந்துவிடும். கட்டணம் வாங்கப்பட்டதா என்ற வினா இங்கு மையத்தில் இல்லை. இடமும் வழக்கமுமே மையம்.

சத்தியநாராயணா வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் எடுத்த பாதை வேறு. செகந்திராபாத் மனமகிழ் மன்றம் ஒன்றின் ரம்மி ஆட்டம் தொடர்பான அத்தீர்ப்பு, ரம்மி திறமை ஆட்டம் என்று சொன்னதற்காகவே பெரிதும் நினைவுகூரப்படுகிறது. ஆனால் அதே தீர்ப்பு, சீட்டுக்கும் வசதிகளுக்குமாக மன்றங்கள் சிறு கட்டணம் வாங்குவதை இயல்பு என்று ஏற்றுக்கொண்டு, மன்றமோ இடத்தின் உரிமையாளரோ ஆட்டத்திலிருந்து ஆதாயம் அடைவதாகச் சான்று இருந்தால் குற்றம் நிறுவப்படலாம் என்ற வாசலையும் திறந்து வைத்தது. செலவை ஈடுகட்டும் கட்டணத்துக்கும் ஆதாயம் தரும் கட்டணத்துக்கும் இடையே அது போட்ட கோடுதான், பின்வந்த திறமை விவாதங்களின் இரைச்சலில் மங்கிப்போனது. சிங்கப்பூரின் 2022ஆம் ஆண்டுச் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம் அக்கோட்டை இன்னும் அழுத்தமாகப் போடுகிறது: வீட்டில் குடும்பத்தாரும் நண்பர்களும் ஆடுவது, ஆட்டத்தில் வென்றதைத் தவிர எவருக்கும் தனி ஆதாயம் இல்லாதவரை, குற்றமாகாது. அதே அரசு தன் குடிமக்களிடமும் நிரந்தரவாசிகளிடமும் சூதாட்ட விடுதிக்குள் நுழைய நாளொன்றுக்கு 150 வெள்ளி வாங்குகிறது. தடுப்பதற்கென விதித்த இந்தத் தொகை, கணக்கில் பார்த்தால் ஓர் இருக்கைக் கட்டணமே. வருடாந்தரக் கட்டணமான 3,000 வெள்ளியைக் கட்டியவருக்கு அடிக்கடி போவதே சிக்கனமாகிவிடுகிறது என்பது வேறு கதை.

சட்டத்துக்கு வெளியே நடக்கும் மேசையில் கட்டணம் எந்தத் திசையில் போகும் என்பதைக் காரண காரியமாகக் கணிக்க முடியும். பிடிபடும் அபாயம், காவல், அடிக்கடி இடம் மாற்றும் செலவு, கடனை வசூலிக்கும் செலவு ஆகிய அனைத்தையும் நடத்துபவர் மேசையிலிருந்தே எடுத்தாக வேண்டும். ரேக்கின் விகிதத்தை எழுதி ஒட்டவும், உச்சவரம்பைத் தாண்டினால் முறையிடவும் அங்கு இடமில்லை. அத்துடன் அவர் பழைய குத்தகைதாரரின் நிலையில் இருக்கிறார், இன்னும் குறுகிய காலத்துக்கு: அடுத்த ஏலம் என்று ஒரு நாள்கூட அவருக்குக் குறிக்கப்பட்டிருக்கவில்லை. 8 ரிங்கிட் 16 ஆவதற்கு அங்கு தடையேதும் இல்லை, அப்போது மேலே கண்ட ஒன்பது பேரில் லாபத்தோடு நிற்பவர் ஒருவரே. அவருக்கு மணிக்கு 10 ரிங்கிட்; நடத்துபவருக்கு 448.